நான்கு ‘வேண்டாம்’களுக்கு ஆள் தேடியது

காரைக்காலில் விடுதலைக்கு ஆண்டில் மூன்று விடுமுறை. ஆகஸ்ட் 15 நாடு முழுமைக்கும் உரியது. மறுநாளான ஆகஸ்ட் 16 எங்களுக்கு மட்டும் உரியது. 1962-ல் அன்றுதான் ஒப்பந்த ஆவணங்கள் கைமாறி நாங்கள் சட்டப்படி இந்தியா ஆனோம். ஆனால் ஆட்சி 1954 நவம்பர் 1, திங்கட்கிழமையே கைமாறிவிட்டது. ஆகவே அதற்கும் ஒரு விடுமுறை. இடைப்பட்ட ஏழு ஆண்டு, ஒன்பது மாதம், பதினைந்து நாள் நாங்கள் நடப்பில் இந்தியாவாகவும் காகிதத்தில் பிரான்சாகவும் இருந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் நாகூரில் இருக்கும் என் மைத்துனருக்கு இதை விளக்கி முடிக்க எனக்கு இருபது வருடம் ஆகியும் போதவில்லை. “ஒரு தடவ வாங்குன சுதந்திரத்த மூணு தடவ கொண்டாடுறீங்களே அத்தான், தவணையில வாங்குனீங்களா?” என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்.

எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கம் நவம்பர் 1 மாலையை எனக்கு ஒதுக்கியிருந்தது. அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாள், கிழமை, நேரம் எழுதி வைக்கும் பழக்கம் அங்கேயே தொற்றிக்கொண்டது. ஊர் வரலாற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நோட்டுகளைத் திறந்து நாலு பேருக்குச் சொல்ல வருடத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரே மாலை அது.

அந்த மாலை போன வருடம் கையை விட்டுப் போகப் பார்த்தது. நான் 1739-ல் பேச ஆரம்பித்தேன். அதுதான் தவறு என்று என் மனைவி சொல்கிறாள். பிரெஞ்சுக்காரர் காரைக்காலை அடைந்த ஆண்டை விட்டுவிட்டு வேறு எங்கே தொடங்குவது? 1814-க்கு வந்தபோது மின்சாரம் போயிற்று. கூட்டம் கைதட்டியது. மின்சாரம் திரும்பியபோது அறுபது நாற்காலிகளில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களிலும் இரண்டு பேர் குனிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் செப்டம்பர் மாதச் செயற்குழுக் கூட்டத்தில் தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர். எதையும் எடைபோட்டுத்தான் பேசுவார்.

“சார், வருத்தப்படக் கூடாது. நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஜனந்தான் இருக்க மாட்டேங்குது. இந்த வருஷம் தம்போலா வச்சிடலாம்னு ஒரு யோசனை.”

நம்பர் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடித்துக்கொண்டே போகிற அந்த விளையாட்டுக்கு என் மாலையைக் கொடுக்கப்போகிறார்கள்.

“1739-ஐ விட்டுடுறேங்க,” என்றேன்.

“அப்ப எதுலேருந்து ஆரம்பிப்பீங்க?”

“1954.”

“அதுலயும் அக்டோபர்லேருந்து ஆரம்பிங்க சார்,” என்றார் தையல்காரர். மாதா கோயில் பக்கம் கடை வைத்திருப்பவர். ஏழு பேர் கொண்ட செயற்குழுவில் என் பக்கம் பேசக்கூடிய ஒரே ஆள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அக்டோபர் என்றதும் எனக்கு ஒரு யோசனை உதித்தது.

1954 அக்டோபர் 18, அதுவும் திங்கட்கிழமை. புதுச்சேரிப் பக்கம் கீழூர் என்ற கிராமத்தில், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மக்கள் தேர்ந்தெடுத்திருந்த பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு சேரலாமா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். சேரலாம் என்றவர்கள் 170. வேண்டாம் என்றவர்கள் 8. அடுத்த இரண்டாவது திங்கட்கிழமை நாங்கள் இந்தியா. இதைப் பேச வேண்டாம், செய்து காட்டுவோம் என்றேன். தெருவே கீழூர். எல்லோரும் பிரதிநிதிகள். பெட்டி வைத்து வாக்குப் போடுவோம்.

வாக்கு என்றதும் செயற்குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம் உண்டு. எங்கள் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 2006-ல் நடந்தது. அதற்கடுத்ததை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். அன்று கீழூரில் 178 கவுன்சிலர்களையும் சட்டசபை உறுப்பினர்களையும் கூட்ட முடிந்தது. இன்று கூட்டலாம் என்றால் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

“சரி, செய்ங்க,” என்றார் தலைவர். “ஆனா இதுதான் கடைசி. போன வருஷம் மாதிரி பாதியில எழுந்து போனாங்கன்னா அடுத்த வருஷத்துலேருந்து தம்போலாதான். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்து தெருவின் வாக்காளர்களை நோட்டில் எழுதிக் கூட்டினேன். எண்பத்தெட்டு. தினமும் காலையில் பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவையும் சேர்த்தால் எண்பத்தொன்பது. 178-ல் சரிபாதி! 170-ல் பாதி எண்பத்தைந்து, 8-ல் பாதி நான்கு. வரலாறு இப்படி மீதியில்லாமல் வகுபடுவது அபூர்வம். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “அந்த நாலு பேரு யாரு?” என்றாள்.

நான் அதை யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். எண்பத்தைந்து ‘சேரலாம்’களும் முதல் நாளே நிரம்பிவிட்டன. ‘வேண்டாம்’ என்று போட மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காட்டினார். ஒரு பெண்மணி, தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், இந்த நேரத்தில் இந்தியாவுக்கு எதிராக வாக்களித்த குடும்பம் என்ற பெயர் வேண்டாம் என்றும் சொன்னார். இது ஒத்திகை மாதிரிதான் அம்மா என்றேன். “மாப்ள வீட்டுக்காரங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க சார்,” என்றார்.

கடைசியில் தையல்காரர் தான் வருவதாகச் சொன்னார். “தவக்காலத்துல எங்க கோயில்ல பாடுகளின் நாடகம் போடுவோம்ல சார், அதுல ஆண்டவரக் காட்டிக் குடுக்குற வேஷத்துக்கு எவனும் வர மாட்டான். பதினோரு வருஷமா நான்தான் கட்டுறேன். பழக்கப்பட்ட வேலை.”

“அந்த எட்டுப் பேரும் காட்டிக் கொடுத்தவங்க இல்லீங்க,” என்றேன். “அவங்களுக்கு என்ன காரணமோ.”

“என்ன காரணம்?”

எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். என் நோட்டுகளில் எட்டு என்ற எண் இருந்ததே ஒழிய, எட்டுப் பேர் இல்லை. அவர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “சரி, யோசிச்சு வைக்கிறேன்,” என்றார்.

இரண்டாவதாக வந்தது மீன்காரம்மா. “நா போடுறேன் சாரு. தெனம் விடிஞ்சா இந்தத் தெரு பூரா எனக்கு ‘வேண்டாம், வேண்டாம்’ங்குது. ஒரு நாளு நா திருப்பிச் சொல்லிப் பாக்குறேன்.”

மற்ற இருவர் மாடியிலும் கீழுமாகக் குடியிருக்கும் அண்ணன் தம்பி. அவர்களைச் சம்மதிக்க வைக்க ஒரே ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. அதையும் அவர்களே கேட்டார்கள். “தலைவர் எந்தப் பக்கம்?” சேரலாம் பக்கம் என்றேன். “அப்ப நாங்க வேண்டாம் பக்கம்.”

நான்கு கிடைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. தையல்காரர் நிஜமாகவே யோசித்துவிட்டார். தீபாவளித் துணி தைக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அளவெடுத்துக்கொண்டே யோசித்ததைச் சொல்லவும் தொடங்கிவிட்டார்.

“இவரு பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன்ல இருந்தவருன்னு வைங்க. கையத் தூக்குங்க. பென்சன் பிரான்ஸ்லேருந்து வருது. நாளைக்கி ஆட்சி மாறுனா அது வருமா, வராதா? சொல்றவன் யாரு? திரும்புங்க. இன்னொருத்தரு புள்ளைய பிரெஞ்சுப் பள்ளிக்கொடத்துல சேத்திருக்காரு. பத்து வருஷம் படிச்ச படிப்பு நாளைக்கி எந்த ஆபீஸ்ல செல்லும்? மூச்ச விடுங்க, இடுப்பு அளக்கணும்.”

போதாததற்கு, புதுச்சேரி போலீஸ்காரர்கள் வைப்பார்களே அதேபோல் உயரமான சிவப்புத் தொப்பி ஒன்றையும் தைத்து வைத்துக்கொண்டார். ‘சேரலாம்’காரர்களுக்குத் தொப்பி இல்லை, பேச்சு இல்லை, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான். ஆகவே அக்டோபர் மூன்றாம் வாரத்தில் என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

“சார், எனக்கும் ஒரு ‘வேண்டாம்’ இருந்தா குடுங்களேன்.”

“நாலுதாங்க. நிரம்பிடுச்சு.”

“ஒண்ணு கூட்டிக்கிட்டா என்ன ஆயிடும்?”

“வரலாறு ஆயிடும்,” என்றேன். வங்கி ஊழியரும் வந்தார். நடத்தை விதிகளை மறுபடி படித்துப் பார்த்தாராம். நடிப்புக்குத் தடை இல்லையாம்.

ஒன்பது பேர் இப்படி வந்து போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முடிவு தலைகீழாக வந்து, காரைக்கால் இந்தியாவோடு சேரவில்லை என்று எங்கள் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டால், தலைவர் மறுநாளே தம்போலா சீட்டு அச்சடிக்கக் கொடுத்துவிடுவார். ஒரு பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எண்பத்தைந்து சீட்டுகளில் ‘சேரலாம்’ என்பதற்கு நேராக நானே அழகாகக் குறியிட்டு அடுக்கினேன். மனைவி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“என்னங்க இது?”

“ஒரு முன்னேற்பாடு.”

“எங்க ஊரு நெடுங்காட்டுல இதுக்கு வேற பேரு.”

“கணக்கு சரியா வரணும்ல?”

“அன்னைக்கி கீழூர்லயும் இப்படித்தான் ஒருத்தரு ஒக்காந்து எழுதுனாரா?”

எழுதவில்லை என்று என் நோட்டுகளைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது. அவள் அடுக்கை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் டப்பா இன்றும் இந்தியாவோடு சேரலாம் என்பதன்மேல்தான் நிற்கிறது.

நவம்பர் 1 வந்தது. சகல புனிதர்கள் திருநாள் வேறு. தையல்காரர் காலையில் பூசைக்குப் போய், மறுநாள் கல்லறைத் திருநாளுக்காகக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, கையில் வெள்ளையோடு சமுதாயக்கூடத்துக்கு வந்தார். மாலை 4.40-க்கு மழை பிடித்தது. ஒருவரும் வர மாட்டார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 5 மணிக்கு எண்பத்தொன்பது நாற்காலியும் நிரம்பிவிட்டது. வாக்கு என்றால் எங்கள் ஊர் மழையைப் பார்க்காது.

யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை நின்றார்கள். முப்பது வருடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் வாக்காளர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மை எங்கே என்று ஒரு கேள்வி எழுந்தது. மை வைக்காமல் வாக்கா என்று வரிசையே நின்றுவிட்டது. என் மனைவி வீட்டுக்கு ஓடிச் சொட்டு நீலம் கொண்டுவந்து ஒவ்வொரு விரலிலும் வைத்தாள். தலைவர் வெள்ளைவேட்டி சட்டையில் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டார். அவர் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. வாக்குப் பெட்டியைக் கண்டதும் கை தானாகக் கூப்பிக்கொண்டது போலிருக்கிறது.

தையல்காரர் தொப்பியோடு ஏறிப் பேசினார். மழைச் சத்தத்தையும் மீறி நல்ல கைதட்டல். சேரலாம் பக்கத்துக்கு நான் பேசினேன். ஏழு நிமிடம். ஆண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

மீன்காரம்மா பெட்டி அருகே வந்தபோது தலைவர் குறுக்கிட்டார். “இவங்க நம்ம தெரு இல்லியே.”

“ஏன் தலைவரே, ஒங்க வீட்டு வாசல்ல நா நிக்காத நாளு எது? ஒங்க மவன் பொங்கலுக்குப் பொங்கலு வர்றாரு. அவரு பேரு லிஸ்டுல இருக்குதா, இல்லியா?”

இருந்தது. பொங்கலுக்கு வருகிறவர் இந்தத் தடவை தொடர் விடுமுறைக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தும் இருந்தார். தலைவர் ஒதுங்கி வழிவிட்டார்.

எண்ணும் வேலையைத் தலைவரே எடுத்துக்கொண்டார். வாக்குப் பெட்டியாக வைத்திருந்த சட்டை அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படித்தார். சேரலாம் எண்பத்தொன்று. வேண்டாம் ஏழு. செல்லாதது ஒன்று. அதில் எந்தக் குறியும் இல்லை. ‘குப்பை வண்டி ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றைய கைதட்டலில் பெரியது அதற்குத்தான்.

நாலு எப்படி ஏழாயிற்று என்று மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணினார். ஏழு. அண்ணன் தம்பி எழுந்து, எண்ணுகிற கையில் சந்தேகம் என்றார்கள். வங்கி ஊழியர் போய் எண்ணினார். நோட்டு எண்ணுகிற வேகத்தில் எண்ணியும் ஏழுதான்.

“நாலு நம்ம நாலு. அதுபோக மூணு பேரு கூடுதலா போட்டிருக்காங்க,” என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

அப்போது தையல்காரர் தொப்பியைக் கழற்றினார். “தலைவரே, தப்பா நெனக்காதீங்க. நான் வேண்டாம்னு போடல. பேசுற வரைக்கும் பேசிட்டேன். பெட்டிகிட்ட போனதும் கை வரல. சேரலாம்னு குத்திட்டேன்.”

“பதினோரு வருஷம் ஆண்டவரக் காட்டிக் குடுத்தீங்களே!” என்று கத்தினார் யாரோ.

“அதுல பெட்டி இல்லியே.”

“நானுந்தான் சாரு,” என்றார் மீன்காரம்மா மெதுவாக. “வேண்டாங்குறது நல்லால்ல. எப்புடித்தான் தெனம் சொல்றீங்களோ.” அண்ணன் தம்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி போடுவான் என்று அண்ணனும், அண்ணன் போடுவான் என்று தம்பியும் நம்பி, இருவருமே சேரலாம் போட்டிருந்தார்கள்.

ஆக, நான் அமர்த்திய நான்கு பேரும் போடவில்லை. விழுந்த ஏழும் வேறு ஏழு பேருடையவை.

பிறகு ஒரு பெரியவர், யாரும் கேட்காமலே, “நான் இல்ல,” என்றார். அதுதான் தொடக்கம். நாற்காலி நாற்காலியாக ‘நான் இல்ல’ நகர்ந்தது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள் உண்டு. கடைசியில் எண்ணிப் பார்த்தால் எண்பத்தொன்பது பேரும் போடவில்லை. அண்ணன் தம்பி இருவரும் தலைவரையே பார்த்தார்கள்.

“என்னையா? என் கடை வாசல்ல வருஷத்துக்கு மூணு தடவ கொடியேத்துறவன்யா நான்!”

“அதான் சொல்றோம். எதுக்கு அவ்ளோ தடவ?”

சண்டை ஒருபுறம் நடக்க, இன்னொருபுறம் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. இதற்கு முன் என்னிடம் வந்து எதையும் கேட்டிராதவர்கள் கேட்டார்கள். அந்த எட்டு யார் என்று கடைசியில் கண்டுபிடித்தார்களா? பெட்டியா, கை தூக்கினார்களா? மீன்காரம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி கேட்டார்:

“காரைக்கால்லேருந்து போனவங்கள்ல அந்த வேண்டாம்காரவுங்களும் இருந்திருந்தா, திரும்பி வரச்சே எல்லாரும் ஒரே வண்டியிலதான் வந்திருப்பாங்க?”

“தெரியலைங்க.”

“வழியில பேசிக்கிட்டிருப்பாங்களா?”

அதுவும் தெரியாது. நாள், கிழமை, எண்ணிக்கை எல்லாம் தெரிந்த எனக்கு, வண்டி தெரியவில்லை. நோட்டில் கேள்வியாக எழுதி வைத்தேன். அன்று மட்டும் பதினான்கு கேள்விகள் சேர்ந்தன.

அடுத்த வாரம் செயற்குழு கூடியது. தலைவர் இன்னும் கோபத்தில் இருந்தார். அவர் கடைக்கு ஆணி வாங்கப் போகிறவர்கள்கூட, “ஏழுல நீங்க எத்தனையாவது தலைவரே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

“கூட்டம் நின்னது உண்மை,” என்றார். “ஆனா அது சாருக்காக நிக்கல. மழைக்காக நின்னுச்சு. அடுத்த வருஷம் தம்போலா.”

நான் டைரியைத் திறந்து படித்தேன். “மழை நின்றது 6.20. கேசரி தீர்ந்தது 6.35. முதல் ஆள் கிளம்பியது 7.10, அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு 7.15-க்குத் திரும்பிவிட்டார். கூடத்தைப் பூட்டியது 7.50.”

தலைவர் டைரியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “சரி. கையத் தூக்குங்க. தம்போலாவா, சாரோட வாக்குப் பெட்டியா?”

“கை வேண்டாம் தலைவரே, சீட்டு,” என்றார் தையல்காரர்.

“ஏழு பேருக்குள்ள என்னய்யா சீட்டு?”

“ஏழு பேருன்னாதான் சீட்டு. ஒங்க கடையில கடன் சொல்லி வாங்குறவங்க இதுல நாலு பேரு இருக்கோம். ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்புடிக் கை தூக்குறது?”

மற்றவர்கள் காலண்டர் தாளைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுதி, மடித்து, தையல்காரரின் தொப்பியில் போட்டோம். தலைவர் பிரித்தார். வாக்குப் பெட்டி நான்கு. தம்போலா மூன்று.

தலைவர் அந்த நான்கு சீட்டுகளையும் தனியாக எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எழுத்தைப் பார்க்கத் திருப்பினார். தையல்காரர் எட்டி அவர் கையிலிருந்து அவற்றை வாங்கி, மேசையில் கிடந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். கொசுவலை ஓட்டை அளவுக்கு நறுக்கிக் குப்பைக்கூடையில் உதறினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி, “மினிட்ஸ்ல எழுதிக்குங்க சார். நாலுக்கு மூணு,” என்றார்.

எழுதினேன். நாள், நேரம், நாலுக்கு மூன்று. அந்த மூன்று பேர் யார் என்று அறிய எனக்கு இன்றுவரை ஆசை இருக்கிறது. நான்கு பேர் யார் என்று அறியத் தலைவருக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கடையில் கடன் வாங்கப் போகும்போதெல்லாம், கடன்காரர்கள் நான்கு பேரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம்.